மதகு யார் கையில்? மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் செயல்படும் விதம்

மதுரை மாவட்டத்தில் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலமும், அதற்கப்பால் மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலமும் நம்பியிருக்கும் நீரில் பெரும்பங்கு தமிழ்நாட்டின் எல்லைக்குள் தேங்குவதில்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள முல்லைப் பெரியாறு அணையில் தேங்கும் அந்த நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் வழியே கூடலூர்ப் பக்கம் இறங்கி, வைகையில் கலந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்புகிறது. அணை வேறொரு மாநிலத்தின் மண்ணில் இருக்க, அதன் நீரை மதுரை உழவர் உரிமையோடு கேட்க முடிவது ஓர் ஒப்பந்தத்தின் வலுவால்தான். தனிமனிதர் ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றம் சொத்தைப் பறிமுதல் செய்யலாம். ஓர் அரசே மீறினால் அதைப் பணியவைப்பது எது என்பது அவ்வளவு எளிதான கேள்வி அன்று.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையில் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான குத்தகைப் பத்திரம், 8,000 ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 999 ஆண்டுகளுக்கு அளித்தது. பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. காலத்தையும் வாடகையையும் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். என் கணிப்பில் அந்தப் பத்திரத்தின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. கருத்து வேறுபாடு வந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரை அமர்த்த வேண்டும், அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் ஒருவர் முடிவு சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. அது வெறும் சம்பிரதாய வரி அல்ல என்பது விரைவிலேயே தெரிந்தது. பெரியாற்று நீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை மாகாணம் முனைந்தபோது திருவிதாங்கூர் எதிர்த்தது. மத்தியஸ்தர்கள் உடன்படாததால் விவகாரம் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் சென்றது. பாசனத்துக்குக் கொடுத்த நீரை மின் உற்பத்திக்குப் பயன்படுத்த உரிமையில்லை என்று 1941இல் அவர் தீர்ப்பளித்தார். பேரரசின் கையிலிருந்த மாகாணம் ஒரு சமஸ்தானத்திடம் வழக்கில் தோற்றது. மின் உற்பத்தி உரிமை 1970இல் கேரளத்துடன் செய்த துணை ஒப்பந்தங்களில்தான் எழுத்தில் வந்தது. அதற்கு ஈடாக வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது, மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் ஏற்பட்டது, ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குச் சென்றது.

விடுதலைக்குப் பின் இத்தகைய சச்சரவுகளுக்கு அரசியல் சட்டம் இரண்டு வழிகளைத் திறந்தது. 131ஆவது பிரிவின்படி மாநிலங்கள் நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஆற்றுநீர்ப் பங்கீடு என்றால் 262ஆவது பிரிவும் அதன் அடிப்படையில் இயற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே வந்து, விவகாரத்தை நடுவர் மன்றத்துக்கு அனுப்புகின்றன. அரசியல் சட்டத்துக்கு முற்பட்ட ஒப்பந்தங்களிலிருந்து எழும் வழக்குகளுக்கு 131ஆவது பிரிவு பொருந்தாது என்ற விலக்கும் உண்டு. 1886ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் காட்டிக் கேரளம் இந்த விலக்கைத்தான் பிடித்துக்கொண்டது.

ஆனால் வழக்கின் மையம் வேறாகிவிட்டது. குஜராத்தில் மோர்வி அணை 1979இல் உடைந்த பின் எழுந்த அச்சத்தில், பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தும் பணிகள் நடந்த பின், 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தின் மூலம் மீண்டும் 136 அடி என வரம்பிட்டது. அணைக்குக் கீழே குடியிருப்போரின் அச்சம் பொய்யானதன்று. நம் பக்கத்தில் அதை எளிதாக எள்ளிவிடுகிறோம். எனினும் நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி, ஒரு தரப்பு தனக்கு எதிரான தீர்ப்பைத் தானே இயற்றிய சட்டத்தால் அழிக்கலாமா என்பதே. இந்தப் பூசல் பழைய ஒப்பந்தத்திலிருந்து எழவில்லை, 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எழுந்தது என்று கண்ட ஐந்து நீதிபதிகள் அமர்வு, 2014 மே 7 அன்று அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை முறிக்க 1991இல் கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டமும் இதே காரணத்தால் வீழ்ந்ததுதான்.

தீர்ப்பு வந்த அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது. இதற்கு எந்தப் படையும் தேவைப்படவில்லை. அணைக்குக் காவல் நிற்பது கேரளக் காவல்துறை என்றாலும், மதகை இயக்குவது தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். மழை பெய்தபோது மதகைத் திறக்காமல் இருந்ததே தீர்ப்பை நிறைவேற்றப் போதுமானதாக இருந்தது. காவிரியில் நிலைமை தலைகீழ். அங்கே மதகு கர்நாடகத்தின் கையில் இருக்கிறது, ஆகவே தீர்ப்பு செயல்பட வேண்டுமானால் தோற்ற தரப்பே எழுந்து ஒரு செயலைச் செய்தாக வேண்டும். நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தும், அதைச் செயல்படுத்தும் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018இல்தான் அமைந்தது. இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நாள்தோறும் அளக்கப்படும் நீரின் அளவு இரு தரப்பும் மறுக்க முடியாத சான்றாக இருப்பதால்தான், அங்கே வாதம் ஓரளவுக்காவது எண்களின் மீது நடக்கிறது.

நாடுகளுக்கு இடையில் இந்த வசதியும் குறைவு. பன்னாட்டு நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரிக்க இரு நாடுகளின் இசைவும் வேண்டும். தீர்ப்புக்குப் பணியாத நாட்டின் மீது ஐ.நா. பாதுகாப்பு அவையிடம் முறையிடலாம் என்று ஐ.நா. சாசனத்தின் 94ஆவது பிரிவு சொல்கிறது. 1986இல் நிகரகுவா அமெரிக்காவுக்கு எதிராக வென்று அவ்வாறே முறையிட்டபோது, அமெரிக்கா தன் வீட்டோவால் தீர்மானத்தை வீழ்த்தியது. இருந்தும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் கடைப்பிடிக்கப்படுகின்றன. இன்று நான் மீறினால் நாளை அவன் மீறுவான் என்ற கணக்கும், அடுத்த ஒப்பந்தத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற அச்சமும் அங்கே நீதிமன்ற அமீனாவின் வேலையைச் செய்கின்றன. 1960ஆம் ஆண்டு சிந்து நதி ஒப்பந்தம் போர்களையும் தாண்டி நின்றது. கிஷன்கங்கா நீர்மின் திட்ட வழக்கில் 2013இல் வந்த நடுவர் தீர்ப்பை இந்தியாவும் பாகிஸ்தானும் ஏற்றன. 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தபோது, அதைத் தடுக்கும் மேலதிகாரம் எதுவும் எங்கும் இருக்கவில்லை.

பெரியாற்றில் தீர்ப்போடு சேர்த்து ஒரு மேற்பார்வைக் குழுவையும் உச்ச நீதிமன்றம் அமைத்தது. எந்த மாதத்தில் எவ்வளவு தேக்கலாம் என்பதை இப்போது 'ரூல் கர்வ்' எனப்படும் அட்டவணை வகுக்கிறது. 2018 வெள்ளத்தின்போது நீதிமன்றமே ஆகஸ்டு இறுதி வரை 139.99 அடி என்று வரம்பிட்டது. இத்தகைய வரம்புகளுக்கு உட்பட்டு, தேக்குவதைத் தடுக்காதே என்ற ஆணை எளிதில் நடந்தேறுகிறது. முதன்மை அணையை ஒட்டியுள்ள சிறிய பேபி அணையைப் பலப்படுத்துவது மட்டும் இழுபறியாகவே நீடித்தது, ஏனெனில் அதற்கு அங்குள்ள மரங்களை வெட்டக் கேரளம் அனுமதி தர வேண்டும். 2021 நவம்பரில் 15 மரங்களுக்குக் கொடுத்த அனுமதியைச் சில நாள்களிலேயே கேரள அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. நீர்மட்டத்தை 152 அடிக்கு உயர்த்த வேண்டும் என்ற தமிழ்நாட்டின் கோரிக்கை அந்த மரங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.