கம்ப்ரஸரில் சத்தம் வரவில்லையா? எஃப்இடியைக் கழற்றாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது பெட்டி. வீட்டிலேயே கட்டிய ஆடியோ கம்ப்ரஸர், அதாவது பாட்டிலோ பேச்சிலோ சத்தம் அளவுக்கு மீறி ஏறினால் அடக்கி வைக்கும் கருவி. "அண்ணே, சத்தமே வரலை. எஃப்இடி மூணு மாத்திட்டேன், டிரான்சிஸ்டரும் எல்லாம் மாத்திட்டேன்" என்று ஒரு தம்பி கொண்டுவந்து வைத்தார். எஃப்இடி என்பது வோல்டேஜால் கட்டுப்படும் ஒரு வகை டிரான்சிஸ்டர். போர்டைத் திருப்பிப் பார்த்தேன். எஃப்இடி இருந்த இடத்தில் செம்புத் தடம் உரிந்து போய், மெல்லிய ஒயரால் ஒட்டுப் போட்டிருந்தார். கழற்றிய மூன்று எஃப்இடிகளையும் ஒரு பொட்டலத்தில் வைத்திருந்தார். சோதித்தேன். மூன்றுமே நன்றாக இருந்தன.

அது 1176 மாதிரி போர்டு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் வடிவமைத்த கம்ப்ரஸர்தான் 1176. வீட்டில் கட்டுகிறவர்களில் பலர் இன்றும் அதைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள்.

சத்தம் இல்லை என்றால் ஏதோ ஒரு பாகம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் பெரும்பாலும் அது சரிதான். ஆனால் கம்ப்ரஸரின் வேலையே சத்தத்தைக் குறைப்பது. 1176இல் சிக்னல் ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும்; அதற்குப் பின்னால் சிக்னல் பாதைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எஃப்இடி நிற்கும். எஃப்இடியைக் கட்டுப்படுத்தும் கேட் காலில் போதிய நெகடிவ் வோல்டேஜ் இருக்கும்வரை எஃப்இடி கடத்தாது, சிக்னல் தன் வழியில் போய்விடும். நெகடிவ் குறையக் குறைய எஃப்இடி கடத்த ஆரம்பித்து, சிக்னலைக் கிரவுண்டுக்கு இழுக்கும். நெகடிவே இல்லாவிட்டால் முழுக்கக் கடத்தும். அப்போது சிக்னலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான், அதாவது 40 டெசிபல் குறைந்துதான், வெளியே வரும். ஆக, எஃப்இடி நல்ல நிலையில் இருப்பதால்தான் சத்தம் போகிறது. புதிதாக எத்தனை போட்டாலும் அவையும் அதையேதான் செய்யும்.

தம்பியின் போர்டில் +30 வோல்ட் சரியாக இருந்தது. கேட்டுக்கு நெகடிவ் கொடுக்கும் சப்ளையில், −10 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் −0.7 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது: சப்ளை வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் ஜீனர் டயோடு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. நெகடிவ் சப்ளையில் ஜீனரின் கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பாசிடிவ் சப்ளை கட்டிப் பழகிய கை, கோட்டை சப்ளைப் பக்கம் வைத்துவிடுகிறது. திருப்பிப் போட்டேன், கேட் வோல்டேஜை அமைக்கும் பயாஸ் டிரிம்மரைச் சரிசெய்தேன், சத்தம் வந்துவிட்டது. உரிந்த தடத்தைச் சரிசெய்யத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுங்கள். முதலில் சப்ளை வோல்டேஜ்கள், நெகடிவ் உட்பட. அப்புறம் அட்டாக் குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பி கம்ப்ரஷனை அணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால் கோளாறு சைடு செயினில், அதாவது எவ்வளவு அடக்க வேண்டும் என்று எஃப்இடிக்குச் சொல்லும் பகுதியில். திரும்பாவிட்டால் கேட் வோல்டேஜை அளந்து பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் சிக்னலைத் தேடிப் போக வேண்டும்: போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, இன்புட்டிலிருந்து ஒவ்வொரு கட்டமாக அளந்து வாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், விலை குறைந்த மீட்டர்கள் பல அந்த அதிர்வெண்ணில் ஏசியைச் சரியாகக் காட்டாது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். சிக்னல் திடீரென்று முழு அளவில் திரும்பும்.

எஃப்இடிக்குப் பதிலாக எல்இடியும் எல்டிஆரும் (வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும் பாகம்) வைத்துக் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்டிஆர் சிக்னலைக் கிரவுண்டுக்கு இழுக்கும் வகை என்றால், மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்காதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் பட்டாலே அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கி, சத்தம் குறைந்துவிடும். உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், சத்தம் ஏறும். எல்இடி, எல்டிஆர் இரண்டையும் சேர்த்துக் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டால் போதும்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். உள்ளே 230 வோல்ட் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும்; மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஹம் (ம்ம்ம் என்ற இரைச்சல்) வருகிறது என்று எர்த் ஒயரை வெட்டி வைத்துக் கொண்டுவருகிறீர்களே, அந்தப் பெட்டியின் மேல்தானே நீங்கள் கை வைக்கப் போகிறீர்கள்?

பெட்டியை என்னிடம் கொண்டுவருவதாக இருந்தால், அளந்த வோல்டேஜ்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றையும் எடுத்து வாருங்கள்.