மைக்கோரைசா: வேர்ப்பூஞ்சையா, பூஞ்சைவேரா?

மாடித்தோட்டத்துத் தக்காளிக்கு "வேம் போடுங்க" என்று உரக்கடைக்காரர் சொன்னபோது வேப்பம்புண்ணாக்கு என்றுதான் நினைத்தேன். கையில் வந்ததோ மினுமினுக்கும் பழுப்பு மணல், நடுவே நறுக்கிய சல்லிவேர்த் துணுக்குகள். வேம் என்பது வெசிக்குலர் ஆர்பஸ்குலர் மைக்கோரைசாவின் சுருக்கம்.

'மைக்கீஸ்' என்றால் கிரேக்கத்தில் பூஞ்சை, 'ரைசா' என்றால் வேர். இரண்டையும் ஒட்டிப் புதுச்சொல் செய்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், 1885-இல். டிரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட முடியுமா என்று பார்க்கச் சொல்லியிருந்தது பிரஷ்ய அரசு. அவர் கண்டது, மரங்களின் நுனிவேர்களை உறைபோலப் போர்த்தியிருந்த பூஞ்சையை. அது நோயல்ல, பூஞ்சையும் வேரும் சேர்ந்து ஒரே உறுப்பாக இயங்குகின்றன என்றார். பெயர் அந்த உறுப்புக்குத்தான். (அதிமதுரத்தின் அறிவியல் பெயரான கிளிசிரைசாவிலும் இதே ரைசாதான்: இனிப்பு வேர்.)

தமிழில் 'வேர்ப்பூஞ்சை' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தயிர்வடை வடைதான், வடைத்தயிர் என்றால் தயிராகிவிடும். வேர்ப்பூஞ்சை என்றால் வெறும் பூஞ்சை, அதுவும் வேரழுகல் மாதிரி ஒரு நோயின் பெயராகக் காதில் விழுகிறது. 'பூஞ்சைவேர்' என்பதே ஃபிராங்க் சொன்ன பொருள்.

வேளாண் துறையினர் சொல்லும் 'வேர் உட்பூசணம்' இன்னொரு வகையில் நல்ல சொல். தக்காளி வேரில் உறை எதுவும் இருக்காது. பூஞ்சையிழை வேருக்குள்ளேயே புகுந்து, செல்லின் சுவரைக் கடந்து, குட்டி மரம்போலக் கிளைவிடும். ஆர்பஸ்குலர் என்பதில் இருக்கும் லத்தீன் சொல்லுக்கும் குட்டி மரம் என்றே பொருள். அங்கேதான் கொடுக்கல் வாங்கல்: வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) இழை கொண்டுவரும், செடி சர்க்கரை கொடுக்கும். 'உள்' என்ற சின்ன ஒட்டு இதைச் சொல்லிவிடுகிறது. என்ன, பூசணம் என்றதும் ஊறுகாய் ஜாடிதான் நினைவுக்கு வருகிறது.

உயிருள்ள வேர் இல்லாமல் இது பெருகாது. அதனால் இலையில் தெளித்துப் பயனில்லை. குழித்தட்டிலேயோ நடும் குழியிலேயோ வேரில் படும்படி போட வேண்டும். மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி இந்த உறவைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்துத் தொட்டிக் காலிஃப்ளவருக்குப் போடுவதும் வீண், கடுகுக் குடும்பம் இதனோடு சேராது.

எழுதும்போது பூஞ்சைவேர், சரி. கடையில் மட்டும் வேம் என்றே கேளுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சைக்கொல்லியை எடுத்து நீட்டுவார்.