எழுந்து நிற்பதும் ஒரு வேலைதான்

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கட்டிலையோ சுவரையோ பிடித்துக்கொண்டு சற்று நின்றால் தெளிந்துவிடுகிறது. எழுபது வயதைத் தாண்டிய பலருக்கு இது பழகிப்போன ஒன்று. ‘வயதானால் அப்படித்தான்’ என்று மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தெளிவதற்குள் விழுந்துவிடுகிறவர்களும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்த பிறகு எல்லோரும் வழுக்கும் தரையைக் குறை சொல்வார்கள். எழுந்ததும் இறங்கிவிடும் ரத்த அழுத்தத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

படுத்திருக்கும்போது தலையும் இதயமும் பாதமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. உடம்பில் மொத்தமே சுமார் 5 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்தால் அது வெளியே தள்ளுவதும் குறையும். மூளைக்கோ பொறுமை கிடையாது: ரத்தம் அறவே நின்றுபோனால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும்.

இதைச் சமாளிக்க உடம்பில் காவலர்கள் இருக்கிறார்கள். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள நரம்பு முனைகள்தாம் அவர்கள். அழுத்த உணரிகள் என்று பெயர் இருந்தாலும் அவை உண்மையில் உணர்வது குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை. விரிவு குறைந்ததும் மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்குச் சேதி போகிறது. அங்கிருந்து வரும் கட்டளையால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இளைஞன் ஒருவன் துள்ளி எழும்போது இவ்வளவும் அவனுக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடுகிறது.

வயது ஏறும்போது இந்த ஏற்பாட்டில் ஒவ்வோர் இடமாகத் தளர்கிறது. தமனிச் சுவர்கள் விறைத்துப்போவதால் அழுத்தம் இறங்கினாலும் விரிவில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. சேதி மந்தமாகப் போகிறது. கட்டளை வந்தாலும் முதிய இதயம் முன்போல் வேகம் கூட்டுவதில்லை. போதாக்குறைக்குத் தாகமும் குறைகிறது, சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைக்கும் திறனும் குறைகிறது. குழாயில் ஓடும் திரவமே சற்றுக் குறைவாக இருக்கும்போது சிறு இறக்கம்கூடப் பெரிதாகத் தெரியும். பல ஆண்டு நீரிழிவு இருந்தால் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளே பழுதாகியிருக்கலாம்.

இன்னொரு துணையும் இருக்கிறது: ஆடுசதை. அது சுருங்கும்போதெல்லாம் கால் சிரைகளில் தேங்கிய ரத்தம் பிழியப்பட்டு மேலே ஏறுகிறது. (ஒட்டகச்சிவிங்கிக்கு அதன் கால்தோலே இறுக்கமான காலுறைபோல் அமைந்திருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.) நோயில் படுத்து எழுந்தவர்களுக்கு இந்தத் தசை இளைத்துவிடுகிறது, அவர்கள் முதலில் எழும் நாள்களில் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நடப்பவர்களுக்கு ஆடுசதை கைகொடுக்கும். உட்கார்ந்தே இருப்பவர்களும் எழுவதற்கு முன் பாதங்களைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழலாம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பது காவலர்களுக்கு அவகாசம் கொடுக்க.

விடியற்காலைதான் மோசமான நேரம். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழித்ததில் உடம்பு நீரை இழந்திருக்கும். ஆண்கள் இரவில் உட்கார்ந்து சிறுநீர் கழிப்பது நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்டபின் ரத்தம் குடலுக்குத் திரும்புவதால் அடுத்த இரண்டு மணி நேரத்திலும் இதே இறக்கம் வரலாம். வெந்நீர்க் குளியல் தோலின் குழாய்களை விரித்து அதே வேலையைச் செய்யும்.

மாத்திரைகளின் பங்கும் சிறிதல்ல. சிறுநீர் பெருக்கிகள், புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மருந்துகள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டுகள், பார்க்கின்சன் நோய் மருந்துகள், சில மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் அழுத்தத்தைக் கீழே இழுக்கக்கூடியவை. ஒவ்வொன்றையும் வெவ்வேறு மருத்துவர் எழுதியிருப்பார். மொத்தப் பட்டியலை யாரும் ஒருசேரப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்காக ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. உயர் அழுத்தம் தமனிகளை மேலும் விறைக்கச் செய்யும் என்பதால், கட்டுக்கடங்காமல் விட்டால் நிற்கும்போது வரும் இறக்கமும் மோசமாகலாம். நிறையத் தண்ணீர் குடிக்கும் யோசனையும் அப்படித்தான். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் கேட்காமல் செய்யக் கூடாது.

வழக்கமாக அழுத்தத்தை உட்கார வைத்தே அளக்கிறார்கள். அந்த எண்ணில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கோளாறு என்றே கணக்கு. வீட்டில் கருவி இருந்தால், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு காலையிலேயே அளந்து, மூன்று அளவுகளையும் குறித்துக்கொண்டு, எல்லா மாத்திரை அட்டைகளோடும் மருத்துவரிடம் போகலாம். தலைசுற்றல் இல்லாதவர்களும் அளந்து பார்க்கலாம்: அழுத்தம் நன்றாக இறங்கியும் சிலருக்குக் கண் இருட்டுவதில்லை, நிற்கும்போது பிடரியும் தோளும் மட்டும் வலிக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது.