பூர்வீகப் பொத்தான் என்று ஒன்று கிடையாது

போன மாதம் அக்கா மகன் ஒரு கேள்வியோடு வந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மொபைல் செயலி எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறான். கையில் ஒரு பயிற்சி வகுப்பின் தமிழ்ப் பாடக்குறிப்பு இருந்தது. "மாமா, பூர்வீகக் கூறுகள்னு போட்டிருக்கே, அதெல்லாம் பழசு, இப்ப யாரும் தொடுறதில்லைனு அர்த்தமா?" என்றான். வாங்கிப் பார்த்தேன். போனின் இயங்குதளமே தருவது என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'நேட்டிவ்' (native) என்று இருக்கவேண்டிய இடமெல்லாம் 'பூர்வீக' என்று இருந்தது. பூர்வீகச் செயலி, பூர்வீகப் பொத்தான், பூர்வீகத் தோற்றம். அவன் அவற்றை வழக்கொழிந்தவை என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரமாக ஒவ்வொரு பொத்தானையும் தானே வரைந்துகொண்டிருந்தான்.

இந்தச் சொல்லை முதல்முறை பார்க்கிறேன் என்றால் அவனுக்கு மட்டும் விளக்கிவிட்டுப் போயிருப்பேன். காணொளித் தலைப்புகளில், உதவிக் குறிப்புகளில், இயந்திரம் மொழிபெயர்த்த ஆவணங்களில் என்று பலமுறை பார்த்தாயிற்று. ஒரு வாரம் வீணாகப் போன பையனைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் வேர் சிக்கலானது இல்லை. லத்தீனில் 'நாஸ்கி' என்றால் பிறத்தல். அதிலிருந்து 'நாட்டிவுஸ்', பிறப்போடு வந்தது. நேச்சர், நேஷன் இரண்டும் அதே குடும்பம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கணினித் துறையில், ஒரு சிப் நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளுக்கு நேட்டிவ் கோட் என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கும் (இனிச் சுருக்கமாகத் தளம்), அதன் பொத்தான்களுக்கும் பரவியது. இவ்வளவுதான். ஆனால் வேரைத் தெரிந்துகொண்டு நேராக மொழிபெயர்க்கப் போனால்தான் வம்பு தொடங்குகிறது. இன்றைக்கு இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கும் பிறப்புக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை.

திரையில் ஓர் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வரைவது யார் என்பதுதான் கேள்வி. ஐபோனில் யுஐகிட் என்ற ஆப்பிளின் நூலகத்திடம் (நூலகம் என்றால் ஆயத்தமாக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு) "ஒரு ஸ்விட்ச் கொடு" என்று கேட்டு வாங்கி வைத்தால், அது நேட்டிவ். செயலியே ஒரு நீள்வட்டம் வரைந்து, உள்ளே ஒரு வெள்ளை வட்டம் வரைந்து, விரல் பட்டால் அதை நகர்த்திக் காட்டினால், அது கஸ்டம். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கலாம். ஆனாலும் இரண்டும் வேறு.

கேள்வி புதிதும் அல்ல. ஜாவா என்ற நிரல்மொழியின் முதல் பதிப்பு 1996இல் வந்தபோது ஏடபிள்யூடி என்ற அதன் இடைமுக நூலகம், விண்டோஸில் விண்டோஸின் பொத்தானையும் மேக்கில் மேக்கின் பொத்தானையும் கேட்டு வாங்கி வைத்தது. 1998இல் ஜாவா 1.2உடன் வந்த ஸ்விங் என்ற இன்னொரு நூலகம், யாரையும் கேட்காமல் தானே வரைந்தது. அதே பிரிவுதான் இப்போது மொபைலில். 2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் என்ற செயலி கட்டும் கருவி, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதுவதை வாங்கிக்கொண்டு தளத்தின் ஸ்விட்சையே திரையில் வைக்கிறது. அதே வேலைக்கு 2018 டிசம்பரில் 1.0 ஆன கூகுளின் ஃப்ளட்டர், ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. ஐபோன் மாதிரித் தெரிய வேண்டுமா, அதற்கென்று 'கூப்பர்டினோ' என்று பொத்தான், ஸ்விட்ச் போன்ற திரைக் கூறுகளின் தொகுதி வைத்திருக்கிறது. ஆப்பிளின் தலைமையகம் இருக்கும் ஊரின் பெயர் அது. அந்தப் பெயர் தாங்கிய பொத்தானில் ஆப்பிள் வரைந்தது எதுவும் இல்லை.

வித்தியாசம் எப்போது வெளியே தெரியும்? தளம் உடை மாற்றும்போது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்து, தோல், மரம், பளபளப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தட்டையான தோற்றத்துக்கு மாறியது. 2025இல் ஐஓஎஸ் 26 கண்ணாடி போன்ற புதிய தோற்றத்தோடு வந்தது. தளத்தின் கூறுகளைப் பயன்படுத்தியவர்கள் புதிய கருவிகளை வைத்துச் செயலியை மறுபடி கட்டினார்கள். ஸ்விட்ச் தானாகவே புது உடைக்கு மாறியது. தாங்களே வரைந்தவர்களுக்குப் பழைய ஸ்விட்ச் அப்படியே நின்றது. தேதி கேட்கும் கட்டம், ஓரத்திலிருந்து இழுத்தால் பின்னால் போவது, பட்டியலின் முடிவில் திரை ரப்பர் போல இழுபடுவது, பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர், டாக்பேக் எல்லாமே இப்படித்தான். தளத்திடம் கேட்டு வாங்கினால் கூடவே வரும். தானே வரைந்தால் ஒவ்வொன்றையும் மறுபடி கட்ட வேண்டும். எழுத்துக்கூட அப்படி. 'கெ' என்பதில் ககரம்தான் முதலில் பதிவாகிறது, கொம்பு பின்னால். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. ஃப்ளட்டர் இதை ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் துணையோடு சரியாகச் செய்கிறது. அதைச் சேர்க்காமல் தாமே எழுத்து வரையப் போன இடங்களில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் தொங்குவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

சரி, இப்போது பூர்வீகத்துக்கு வருகிறேன்.

அது வடசொல் என்பதல்ல என் சண்டை. தனித்தமிழ் மேல் எனக்குப் பற்று உண்டு, ஆனால் நல்ல வடசொல் ஒன்று சரியாகப் பொருந்தினால் வைத்துக்கொள்வேன். இது பொருந்தவில்லை. பூர்வம் என்றால் முன்பு. பூர்வீகச் சொத்து என்றால் பாட்டன் வழி வந்தது. அந்தச் சொல்லின் முதுகெலும்பு காலம். எவ்வளவு பழையது, யார் வழியாக வந்தது என்றுதான் அது பேசுகிறது. ஆனால் ஐபோன் ஸ்விட்ச் நேற்று பிறந்ததாக இருந்தாலும் நேட்டிவ்தான். கண்ணாடி உடை போட்ட புத்தம்புது ஸ்விட்சைப் பூர்வீக ஸ்விட்ச் என்று சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? என் அக்கா மகன் நினைத்ததைத்தான்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழில் பூர்வீகத்தைப் பற்றி நாம் எப்போது பேசுகிறோம்? அங்கே இல்லாதபோது. "பூர்வீகம் திருநெல்வேலி, மூணு தலைமுறையா சென்னைலதான்" என்கிறோம். திருநெல்வேலியிலேயே பிறந்து அங்கேயே இருப்பவரிடம் பூர்வீகம் எது என்று கேட்டால், அவர் குடும்பம் வேறெங்கிருந்தோ வந்ததா என்று கேட்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆக, அந்தச் சொல்லுக்குள் ஓர் இடப்பெயர்ச்சி ஒளிந்திருக்கிறது. விட்டு வந்த ஊர் அது. நேட்டிவ் பொத்தானோ எந்த ஊரையும் விட்டு வரவில்லை. தன் தளத்தில் தானே இருக்கிறது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பது கஸ்டம் பொத்தான். பூர்வீகம் விசாரிக்க வேண்டுமானால் அதைத்தான் விசாரிக்க வேண்டும்! சொல் சற்று விலகிப்போனால் பொறுத்துக்கொள்ளலாம், இது நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது.

'நேட்டிவ்' என்றே எழுதிவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். "நேட்டிவ் ஃபீல் வரல" என்று வேலையிடத்தில் சொன்னால் எல்லாருக்கும் புரியும். ஆனால் புதிதாகப் படிக்க வருபவருக்கு அது வெற்றுச் சொல் அல்ல. "உங்களுக்கு நேட்டிவ் எது?" என்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டால், சொந்த ஊரைக் கேட்கிறார். நம் பேச்சில் நேட்டிவ் என்றாலே ஊர். மொழிபெயர்ப்பாளர்கள் பூர்வீகத்துக்குப் போனதும் இந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து போகவில்லை, நம் பேச்சுத் தமிழில் இருக்கும் நேட்டிவிலிருந்து போயிருக்கிறார்கள்.

சுதேசி என்றும் ஒரு பரிந்துரை உண்டு. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியால் அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் தனி மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைதான் தடையும். சுதேசி செயலி என்றால் இந்தியாவில் செய்த செயலி. 2020இல் சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது அந்தப் பொருளில்தான் பேசினோம். அந்தப் பொருளை அதனிடமிருந்து பறிக்கக் கூடாது.

'சொந்த' என்று போடுபவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் ஆபத்து. சொந்தப் பொத்தான் என்றால் என்ன? நானே செய்தது என்றுதானே எந்தத் தமிழரும் படிப்பார்? "சொந்தமா ஒரு பட்டன் போட்டேன்" என்றால் கஸ்டம். நேட்டிவுக்கு 'சொந்த' என்று போட்ட ஒரு பக்கத்தைப் படித்தேன். அதில் "முடிந்தவரை சொந்தக் கூறுகளையே பயன்படுத்துங்கள்" என்று அறிவுரை. படிப்பவர் மூலத்துக்கு நேர் மாறாகச் செய்வார், அதுவும் முழு நம்பிக்கையோடு.

கஸ்டமின் கதி இதைவிட மோசம். 'வழக்கமான இடைமுகம்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். கஸ்டம் என்றால் வழக்கம் என்று அகராதியில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் சொன்னபடி செய்து கொடுப்பது என்ற பொருளில் வரும்போது அது வழக்கத்துக்கு மாறானது. வழக்கமான பொத்தான் என்றால் எப்போதும் உள்ளது, அதாவது நேட்டிவ். ஒரே பக்கத்தில் 'சொந்த' என்று நேட்டிவுக்கும், 'வழக்கமான' என்று கஸ்டமுக்கும் போட்டுவிட்டால் இரண்டு சொல்லும் இடம் மாறி உட்கார்ந்துவிடும். பரவலாக வழங்கும் 'தனிப்பயன்' அவ்வளவு கெடுதல் இல்லை. இருந்தாலும் பயனர் தன் விருப்பப்படி மாற்றுவது போல ஒலிக்கிறது. இங்கே மாற்றுபவர் செயலியை உருவாக்குபவர்.

நம் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கென்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள்களை வைக்கிறது. உரைகாரர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிரித்துக் காட்டுகிறார்கள். ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்தால் அதைத் திணைமயக்கம் என்கிறோம். ஆண்ட்ராய்டு போனில் கூப்பர்டினோ ஸ்விட்ச் வைப்பது அசல் திணைமயக்கம். பறை எவ்வளவு பழையது என்று இலக்கணம் கேட்கவில்லை, எந்த நிலத்துக்கு உரியது என்றுதான் கேட்கிறது. நேட்டிவ் கேட்பதும் அதே கேள்விதான். கருப்பொருள் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அதைத் தீம் என்பதற்குக் கொடுத்துவிட்டார்கள். செயலி தன் நிறங்களைத் தானே பூசிக்கொள்வதற்குப் பெயர் இப்போது கருப்பொருள். திரும்ப வாங்க முடியாது.

அதனால் நான் எழுதுவது 'தளத்துக்குரிய'. தளத்துக்குரிய பொத்தான், தளத்துக்குரிய ஸ்விட்ச். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். சுருக்கித் 'தளப் பொத்தான்' என்று போட்டால் இணையதளத்தின் பொத்தான் என்று படிக்கிறார்கள், முயன்று பார்த்துவிட்டேன். குழப்பம் வரும் இடத்தில் 'இயங்குதளத்துக்குரிய' என்று முழுதாகவே போடுகிறேன். எதிர்ப்பக்கத்துக்கு 'தானே வரைந்த' அல்லது 'செயலி வரைந்த'. இவை கலைச்சொல் மாதிரி மினுங்கவில்லை என்பது குறையாக எனக்குத் தெரியவில்லை. வரைவது யார் என்று சொல்லிவிடுகின்றன.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. ஐபோனுக்கான நிரல்மொழி ஸ்விஃப்டிலோ ஆண்ட்ராய்டுக்கான கோட்லினிலோ எழுதிய செயலி நேட்டிவ். தளம் வரைந்த பொத்தானும் நேட்டிவ். தளம் வரைந்தது போலத் தெரிவதையும் விளம்பரங்களில் நேட்டிவ் என்றே சொல்லிவிடுகிறார்கள். ரியாக்ட் நேட்டிவில் நிரல் தளத்தின் மொழியில் இல்லை, ஸ்விட்ச் தளத்துடையது. கூப்பர்டினோவில் ஸ்விட்ச் தளத்துடையது இல்லை, தோற்றம் மட்டும் அப்படி. ஆகவே நான் மூன்றாகப் பிரிக்கிறேன்: 'தளத்தின் மொழியில் எழுதிய செயலி', 'தளத்துக்குரிய பொத்தான்', 'தளத்தை ஒத்த தோற்றம்'. ஆங்கிலம் குழப்பிவைத்ததைத் தமிழும் குழப்பித்தான் தரவேண்டும் என்று சட்டம் இல்லை.

இங்கேதான் மொழிபெயர்ப்பு வேலை நடக்கும் விதத்தின் மேல் எனக்கு வருத்தம். அட்டவணையில் வரிகளைக் கொடுத்து, திரையைக் காட்டாமல், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் என்ற விதியையும் போட்டுவிட்டால், நல்ல தமிழ் தெரிந்தவரும் பூர்வீகத்தில்தான் போய் விழுவார். செயலி என்ற சொல்லையே பாருங்கள், ஆப்புக்கும் அதுதான், பிராசசர் சிப்புக்கும் அதுதான். "செயலியின் பூர்வீகக் குறியீடு" என்று ஒரு வரி வந்தால் எந்தச் செயலி என்று மூல ஆங்கிலத்தைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. தமிழை வாசிக்க ஆங்கிலம் வேண்டுமென்றால் மாணவர்கள் தமிழ்க் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆங்கிலத்துக்கே போவார்கள், போகிறார்கள். அப்புறம் தமிழில் தொழில்நுட்பம் எழுத முடியாது என்று பழி தமிழ் மேல் விழும். அந்தப் பழிதான் என்னைச் சுடுகிறது.

அக்கா மகனின் குறிப்பில் ஒரு வரி இப்படி இருந்தது: "பூர்வீகத் தோற்றத்துக்குப் பூர்வீகக் கூறுகளையும், வணிகச் சின்னத்துக்கு வழக்கமான கூறுகளையும் பயன்படுத்தவும்." பேனாவால் அடித்துவிட்டு மேலே எழுதிக் கொடுத்தேன்: "போனோடு ஒட்டிப்போக வேண்டிய இடத்தில் தளத்துக்குரிய கூறுகளை வையுங்கள், உங்கள் நிறுவனத்தின் முகம் தெரியவேண்டிய இடத்தில் மட்டும் நீங்களே வரையுங்கள்." படித்துவிட்டு, ஒரு வாரம் வரைந்த ஸ்விட்சுகளில் எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று எண்ண ஆரம்பித்தான். பதினொன்று வந்தது.