காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் படிவத்தில் "காய்ச்சல் தொடங்கிய தேதி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் காலியாக வரும், இல்லையென்றால் "ஒரு வாரம்" என்று யாரோ குத்துமதிப்பாகக் கிறுக்கியிருப்பார்கள். இன்ஷூரன்ஸ் நம்பர் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கும். பெங்களூரில் வைரஸ் பரிசோதனை வேலையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் நான் அதிகம் சண்டை போட்டது இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

ஒரு அக்டோபரில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 9 வயதுப் பையன் ஒருவனின் ரத்தம் வந்தது. காய்ச்சல், ஃபிட்ஸ், கூப்பிட்டால் அரைகுறையாகக் கண் திறக்கிறான். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் ஆன்டிபாடி, அதாவது அந்த வைரஸை எதிர்த்து உடம்பு முதலில் தயாரிக்கும் புரதம், இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நெகட்டிவ். படிவத்தில் "காய்ச்சல் 1 வாரம்" என்று இருந்ததால், சரி, இது அந்த நோய் இல்லை போலிருக்கிறது என்று விட்டிருக்கலாம். ஏதோ உறுத்தியதால் வார்டுக்குப் போன் போட்டேன். அம்மா அப்பாவுக்குத் தேதி நினைவில்லை. பாட்டி போனை வாங்கினார். "ஆயுத பூஜை அன்னிக்கு லாரிக்குப் பொட்டு வச்சி பூசணிக்கா ஒடச்சோம் கண்ணு, அன்னிக்கு நல்லாத்தான் ஓடியாடிட்டு இருந்தான், ராத்திரிதான் ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுது." எண்ணிப் பார்த்தேன். ரத்தம் எடுத்தது மூன்றாம் நாள்.

இந்த ஒரு தகவலால் ரிப்போர்ட்டின் அர்த்தமே மாறிவிட்டது.

இந்த வைரஸ் ரத்தத்தில் தங்குவது கொஞ்ச நாள்தான். மூளை வீங்கி ஆள் மயங்கி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் ரத்தத்திலிருந்து அது ஏறக்குறையக் காணாமல் போயிருக்கும், அதனால் வைரஸையே தேடும் பி.சி.ஆர் பரிசோதனை இதில் பெரும்பாலும் கைவிட்டுவிடும். மிஞ்சுவது உடம்பு அதை எதிர்த்துத் தயாரித்த ஆன்டிபாடி. ஆனால் அதைத் தயாரிக்க உடம்புக்கும் நாள் வேண்டுமே. முதுகிலிருந்து எடுக்கும் தண்டுவட நீரில் சுமார் 4-ஆம் நாளிலிருந்து ஐஜிஎம் தென்பட ஆரம்பிக்கும், ரத்தத்தில் நம்பிக்கையாகப் பார்க்க 7 நாள் ஆகும். மூன்றாம் நாள் ரத்தத்தில் நெகட்டிவ் என்றால் "இல்லை" என்று பொருளில்லை, "இன்னும் வரவில்லை" என்று பொருள். ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் அதே வார்த்தைதான் அச்சாகிறது, அதுதான் வம்பு.

முதுகு நீர் எடுக்க அப்பா ஏற்கெனவே மறுத்துவிட்டிருந்தார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் யாரோ சொன்னார்களாம். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எந்த மொழி பேசும் குடும்பம் வந்தாலும் இந்தப் பயம் உண்டு, பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். தண்டுவடம் முதுகின் அடிவரைக்கும் ஓடுவதில்லை, இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, நீர் நிறைந்த பையில். எடுப்பது சில மில்லி. உடம்பு இந்த நீரை ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. எடுத்த பிறகு ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். மூளையில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் தள்ளிப்போடுவார்கள், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். குடும்பம் மறுத்து அது தவறிப்போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

வார்டு டாக்டர் அப்பாவிடம் மறுபடி உட்கார்ந்து பேசினார். ஆறாம் நாள் நீர் வந்தது. ஆன்டிபாடி பார்க்கும் எலைசா பரிசோதனைத் தட்டில் 96 குழிகள். ஒவ்வொரு கட்டமாகக் கழுவிக் காத்திருந்தால் அரை நாள் போய்விடும், கடைசியில் நீல நிறம் எழும்பி, அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அந்தப் பையனின் குழி நல்ல மஞ்சள், அதாவது பாசிட்டிவ். டெங்குக்கும் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தோம், அதுவும் லேசாக மஞ்சள் காட்டியது. டெங்குவும் இதுவும் பங்காளி வைரஸ்கள், ஒன்றின் ஆன்டிபாடி இன்னொன்றின் வீட்டிலும் தலைகாட்டும், அதனால் எது பலம் என்று ஒப்பிட வேண்டும். பெங்களூர் மாதிரி டெங்கு ஊரில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு முடிவு சொல்வது ஆபத்து. தடுப்பூசி போட்ட குழந்தைக்கு ரத்தத்தில் கொஞ்ச நாள் ஐஜிஎம் இருக்கலாம் என்பதும் இன்னொரு சிக்கல். தண்டுவட நீரை வற்புறுத்திக் கேட்பது இதனால்தான்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றதும் 2005-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் அது பரவியதுதான் பலருக்கு நினைவு வரும். இந்தியாவில் மனிதர்களிடம் இது முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், நம்ம வேலூர்ப் பக்கம்! உள்நாட்டில் உருவான தடுப்பூசி ஒன்றின் மூல வைரஸும் பெங்களூருக்குப் பக்கத்துக் கோலாரில் கிடைத்ததுதான். நெல் வயல் நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு கொக்கு, நாரை, பன்றியிடமிருந்து இதை எடுத்துக்கொண்டு வந்து மாலையிலும் இரவிலும் மனிதர்களைக் கடிக்கிறது. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. கடிபட்டவர்களில் மிகச் சிலருக்குத்தான் மூளைவரை போகும், ஆனால் போய்விட்டால் 100 பேரில் 30 பேர் வரை இறக்கலாம். பாதிப்புள்ள மாவட்டங்களில் 9 மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் இலவசத் தடுப்பூசி உண்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நகரத்துக் குழந்தைகளுக்கு யாரும் இதை யோசிப்பதில்லை.

ஒரு விஷயம், ஆன்டிபாடி ரிசல்ட் வரட்டும் என்று எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஹெர்ப்பீஸ் என்ற இன்னொரு வைரஸால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, அதை முதல் சந்தேகத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும், அந்த வைரஸுக்குப் பார்க்க வேண்டியது தண்டுவட நீரில் பி.சி.ஆர், ஆன்டிபாடி இல்லை. இன்னொன்று ஸ்க்ரப் டைஃபஸ். வைரஸ் இல்லை, புதரில் இருக்கும் சின்ன உண்ணியின் குஞ்சு கடித்து வருவது, மூளைக்காய்ச்சல் மாதிரியே நடிக்கும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக் போதும் அதற்கு, ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு அசைக்ளோவிர் ஓடிக்கொண்டிருந்தது, ஹெர்ப்பீஸ் பி.சி.ஆர் நெகட்டிவ் வந்து இந்த ஐஜிஎம் பாசிட்டிவ் ஆனதும் நிறுத்தினார்கள். அவனுடைய மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது பாட்டி ஆய்வகம்வரை தேடிவந்து பார்த்தார். பையன் நடக்கிறான், பேசுகிறான், வலது கை மட்டும் மந்தமாக இருக்கிறது, இடது கையால் எழுதப் பழகுகிறானாம். "மொத நாளே அந்த முதுகுத் தண்ணிய எடுத்திருந்தா கை நல்லாயிருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார். இல்லை பாட்டி என்றேன். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை, ஃபிட்ஸையும் மூளை வீக்கத்தையும் அடக்கி ஆளைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். இதே அறிகுறியோடு ஹெர்ப்பீஸோ ஸ்க்ரப் டைஃபஸோ வந்திருந்தால் பதில் வேறு, அன்றைக்கு ராத்திரி எது என்று யாருக்கும் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அவன் தங்கச்சிக்கு அந்தத் தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்று கேட்டு, பேரனிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.