ரீபூட்: மறுவா, மீளா?

கணினி உறைந்து நின்றால் "ஒருதடவை ரீபூட் பண்ணிப் பாருங்க" என்கிறோம். அதே சொல் இப்போது படங்கள், தொடர்கள் பற்றிய பேச்சிலும் புழங்குகிறது.

சொல்லின் வேர் காலில் போடும் பூட்ஸில் இருக்கிறது. அதன் மேல்விளிம்பில் விரல் நுழைத்து இழுக்க ஒரு வார் உண்டு; பெயர் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. கணினியும் அப்படித்தான் எழுகிறது: முதலில் ஒரு சின்ன நிரல் ஓடி, பெரிய நிரலை ஏற்றிவிடும். 1950களில் பூட்ஸ்ட்ராப் என்று சொல்லப்பட்டது பிறகு பூட் ஆனது. திரும்பச் செய்தால் ரீபூட்.

கதையில் ரீபூட் என்றால், பழைய பெயர்களையும் உலகத்தையும் வைத்துக்கொண்டு, நடந்த கதையைக் கணக்கில் எடுக்காமல் முதலிலிருந்து தொடங்குவது.

சரி, தமிழில்? மறுதொடக்கம், மீள்தொடக்கம் என்று இரண்டு வழி இருக்கிறது. மறுகரை என்பது இன்னொரு கரை, மறுநாள் இன்னொரு நாள். மீள் என்பதோ புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. ஈழத்தில் மீள்குடியேற்றம் என்றால் போரில் விட்டுவந்த சொந்த ஊருக்கே போய்க் குடியேறுவது. இந்தக் கோடு எல்லா இடத்திலும் கறாராக இல்லை, மறுவாசிப்பையும் மீள்வாசிப்பையும் ஒரே பொருளில் எழுதுகிறோம். ஆனாலும் ரீபூட்டுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். ரசிகர்கள் காத்திருப்பது மீள்; கைக்கு வருவது மறு.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பாருங்கள். 1978இல் தொடங்கி ஒரே பருவத்தில் நின்றுபோனது. அதில் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச், கதை விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். சொந்தப் பணத்தைப் போட்டு முன்னோட்டம்கூட எடுத்தார். அவர் கேட்டது மீள்வருகை. 2003இல் ரொனால்ட் டி. மூர் தந்தது மறுதொடக்கம். மனிதர்களின் எதிரிகளாக, உலோக உடலோடு திரிந்த சைலான் என்ற எந்திரங்களில் சிலர் மனித உருவில் வந்தார்கள். டர்க் பெனடிக்ட் நடித்த விமானி ஸ்டார்பக் இப்போது பெண், கேட்டி சாக்ஹாஃப். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். பெனடிக்டே கடுமையாக எதிர்த்து எழுதினார். 'மறு' என்றதும் மறுத்தலும் நம் காதில் விழுகிறதே, அவர்களுக்குக் கேட்டது அதுதான்: நீங்கள் நேசித்தது செல்லாது.

அந்தக் கோபத்தை அசட்டுத்தனம் என்று நான் ஒதுக்கமாட்டேன். ரீபூட் செய்தால் கணினியின் தற்காலிக நினைவகம் அழிந்துவிடும்; பார்த்தவர் நினைவு அழியாதே. மூர் குழுவும் இதை உணர்ந்திருந்தது. முதல் கதையிலேயே, அருங்காட்சியகமாக மாறவிருக்கும் கலாக்டிகா என்ற போர்க்கப்பலில் பழைய உலோகச் சைலான் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. கப்பலுக்கு ஓய்வு கொடுக்கும் விழாவில் பழைய தொடரின் முகப்பு இசை ஒலிக்கிறது. புது ஸ்டார்பக்கின் வாயிலும் சுருட்டு, கையில் சீட்டு. அப்புறம் ஹாட்சே புதுத் தொடருக்குள் வந்தார், அப்பல்லோவாக அல்ல, டாம் சாரெக் என்ற புதுப் பாத்திரமாக.

ஆகவே ரீபூட்டுக்கு மறுதொடக்கம் என்றே எழுதுங்கள். பழைய நடிகர்களோடு பழைய கதையே தொடர்ந்தால் மீள்வருகை. ஒரே படத்தைத் திரும்ப எடுக்கும் ரீமேக்குக்கு மறு ஆக்கம் போதும்.