சுருங்காத கட்டியும் சிக்கிக்கொள்ளும் சர்க்கரையும்

தக்கலை வாசகர் ஒருவரின் தாயாருக்கு முற்றிய இரைப்பைப் புற்றுநோய். பல சுற்று கீமோ முடிந்தும் சி.டி. ஸ்கேனில் கட்டி சுருங்கவில்லையே, மருந்து பலிக்கவில்லையா என்று அவர் கேட்கிறார்.

மருந்துக்குக் கட்டி அடங்குகிறதா என்பதை ஸ்கேனில் அளக்கும் ரெசிஸ்ட் விதிகளின்படி, அளக்கத்தக்க கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அது 30 விழுக்காடாவது குறைந்தால் பலன் என்றும், 20 விழுக்காடு கூடினால் நோய் வளர்ச்சி என்றும் கொள்கிறார்கள். கல்லீரலில் பரவிய கட்டிக்கு இது சரிவரும். இரைப்பையோ உள்ளீடற்ற பை. ஸ்கேனுக்கு முன் குடித்த தண்ணீரைப் பொறுத்தே அதன் சுவரின் தடிப்பு மாறிவிடும். செல்கள் இறந்த இடத்தில் தழும்பு ஏறினாலும் சுவர் தடித்தே தெரியும்.

பெட் ஸ்கேன் அளவைப் பார்ப்பதில்லை, பசியைப் பார்க்கிறது. இதில் ஊசிவழி செலுத்தப்படும் எஃப்.டி.ஜி. என்பது, இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி) இருக்கவேண்டிய இடத்தில் கதிரியக்க ஃபுளூரின்-18 அமைந்த குளூக்கோஸ். புற்றுச் செல் இதை உண்மையான சர்க்கரை என்றே உள்ளே இழுக்கிறது. ஹெக்சோகைனேஸ் நொதி வழக்கம்போல் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. மின்னேற்றம் பெற்றுவிட்ட அம்மூலக்கூறு இனிச் செல்லின் சவ்வைக் கடந்து வெளியேற முடியாது; அடுத்த நொதிக்குத் தேவையான ஹைட்ராக்சில் இல்லாததால் எரிந்து தீரவும் முடியாது. ஒரேயொரு இடத்தில் நேர்ந்த மாற்றத்தால் மூலக்கூறு அங்கேயே சிக்கிக்கொள்ளும் இந்த நுட்பத்தை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சிக்கிய ஃபுளூரின் வெளியிடும் பாசிட்ரான் (எலெக்ட்ரானின் எதிர்த்துகள்), அருகிலுள்ள எலெக்ட்ரானோடு சேர்ந்து அழிய, 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. அவற்றை ஒரே நேரத்தில் பிடிக்கும் வளையக் கருவி, பசித்த செல்கள் இருக்குமிடத்தைக் காட்டிவிடுகிறது. ஊசி போட்டபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நோயாளியை அசையாமல், பேசாமல் இருக்கச் சொல்வதும் இதனால்தான்: உழைக்கும் தசையும் சர்க்கரையை இழுக்கும்.

மருந்து பலிக்கும்போது, கட்டி சுருங்கும் முன்பே இந்தப் பசி தணியக்கூடும். ஆனால் கீமோவுக்கு முன் எடுத்த பெட் படம் இருந்தால்தான் ஒப்பிட முடியும். நுண்ணோக்கியில் முத்திரை மோதிரம்போல் தெரியும் சிக்னெட் ரிங் வகைப் புற்றுச் செல்கள் தொடக்கத்திலேயே எஃப்.டி.ஜி.யைக் குறைவாக ஏற்பதால், அவ்வகையில் இந்தப் படத்தை நம்பி முடிவெடுக்க இயலாது. வயிற்று உறையில் பரவிய நுண்ணிய படிவுகளை எந்த ஸ்கேனும் தவறவிடலாம். அங்கே சிறு துளைவழி கேமராவைச் செலுத்தி வயிற்றுக்குள் நேரில் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியே தேவை.

சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியில் சாகும் என்று நம்பி, ஏற்கெனவே எடை இழந்துவரும் நோயாளியின் கஞ்சியையும் பழத்தையும் வீட்டார் நிறுத்துவது பெருந்தீங்கு. உணவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் கல்லீரல் குளூக்கோஸை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், மெலிவது நோயாளிதான்.

ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்ச்சேரும் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். ஆகவே, இதை உற்பத்தி செய்யும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியைத் தென்கோடி மாவட்டங்களுக்கு அருகில் அரசு நிறுவுவது ஆடம்பரம் அல்ல என்பதே என் உறுதியான கருத்து.